ஹார்மோன் மாத்திரையா, தண்ணீர்விட்டான் கிழங்கா?

அன்புள்ள சகோதரிக்கு,

லேடி டாக்டர் எழுதிக் கொடுத்த ஹார்மோன் மாத்திரையைச் சாப்பிடுவதா, நாத்தனார் வாங்கி வந்த தண்ணீர்விட்டான் கிழங்குப் பொடியோடு சமாளிப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். மாத்திரை அட்டை பிரிக்கப்படாமல் அலமாரியில் கிடக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படிப் பிரிக்காத அட்டைகள் பல வீடுகளில் கிடப்பது எனக்குத் தெரியும். அதனால்தான் பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். உங்கள் பெயரும் ஊரும் இதில் வராது.

உங்களுக்கு 49 வயது. கடைசியாக மாதவிலக்கு வந்து 14 மாதம் ஆகிறது. கர்ப்பப்பை இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறீர்கள், அது கட்டுக்குள் இருக்கிறது. இரவில் மூன்று நான்கு முறை நெஞ்சிலிருந்து முகத்துக்குக் குப்பென்று சூடு ஏறுகிறது. ரவிக்கை தொப்பலாக நனைகிறது. எழுந்து மாற்றிக்கொண்டு படுத்தால் தூக்கம் திரும்புவதில்லை. காலையில் வகுப்பில் பிள்ளைகள் மேல் காரணமில்லாமல் எரிந்து விழுகிறீர்கள். பெரியம்மாவுக்கு 68 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்ததால், ஹார்மோன் என்றாலே பயம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விவரங்கள் சரி என்றால், ஹார்மோன் சிகிச்சையைப் பயந்து ஒதுக்க வேண்டிய இடத்தில் நீங்கள் இல்லை. சில பரிசோதனைகளுக்குப் பிறகு, சரியான வகையைக் கேட்டு வாங்கி, எடுத்துப் பார்க்கலாம். ஏன் என்று சொல்ல வேண்டியது என் கடமை.

இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? நாத்தனார் சொன்னதுபோல் ‘உடம்புச் சூடு’ சேர்ந்து வருவதில்லை. உடலின் வெப்பத்தை அளந்து சரிசெய்யும் வேலையை மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் செய்கிறது. அங்கிருக்கும் சில நரம்பணுக்களை ஈஸ்ட்ரோஜன் அடக்கி வைத்திருக்கும். சினைப்பை ஓய்ந்து ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அவை அளவுக்கு மீறி வேலை செய்யத் தொடங்குகின்றன. முன்பெல்லாம் உடல் கண்டுகொள்ளாமல் விட்ட மிகச் சிறிய வெப்ப மாற்றத்துக்குக்கூட இப்போது தோலின் ரத்தக் குழாய்களைத் திறந்து, வியர்வையைக் கொட்டச் சொல்கிறது மூளை. மோர் குடித்தாலும் இளநீர் குடித்தாலும் அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும். இரவு இரண்டு மணிக்கு மறுபடி வரும். அமெரிக்காவில் பல ஆண்டுகள் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ‘ஸ்வான்’ ஆய்வில், பாதிப் பேருக்கு இந்தத் தொல்லை 7.4 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. ‘ஆறு மாசத்துல சரியாயிடும், பொறுத்துக்கோ’ என்று உங்கள் அம்மா சொன்னது அன்பினால். கணக்கு அப்படி இல்லை.

இனி அந்தப் பயத்துக்கு வருகிறேன். அதற்குப் பிறந்த தேதி உண்டு: 2002 ஜூலை. அமெரிக்க அரசின் பணத்தில் ‘விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ என்ற மிகப் பெரிய ஆய்வு நடந்துகொண்டிருந்தது. கர்ப்பப்பை உள்ள 16,608 பெண்களைப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் வகை என இரண்டு ஹார்மோன்கள் சேர்ந்த மாத்திரையும் மறு பிரிவுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். சராசரியாக 5.2 ஆண்டுகள் ஆனபோது, நன்மையைவிடத் தீங்கு அதிகம் என்று அந்தப் பகுதியை நிறுத்திவிட்டார்கள். மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடுகிறது என்ற செய்தி உலகமெங்கும் போனது. மருந்தை எடுத்துக்கொண்டிருந்த லட்சக்கணக்கான பெண்கள் அதை அப்படியே விட்டார்கள். எழுதிக் கொடுக்கும் மருத்துவர்களின் கையும் நின்றது. உங்கள் நாத்தனார் காதுக்கு வந்து சேர்ந்ததும் அந்தச் செய்திதான்.

அந்த 26 சதவீதத்தைப் பிரித்துப் பாருங்கள். வெற்று மாத்திரை சாப்பிட்ட 10,000 பெண்களில் ஓராண்டில் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஹார்மோன் சாப்பிட்ட 10,000 பேரில் 38 பேருக்கு. கூடுதல் எட்டுப் பேர். பக்கவாதம் எட்டுப் பேருக்கும், நுரையீரலில் ரத்தக்கட்டி எட்டுப் பேருக்கும், மாரடைப்பு ஏழு பேருக்கும் கூடியது. இடுப்பெலும்பு முறிவு ஐந்து பேருக்கும், பெருங்குடல் புற்றுநோய் ஆறு பேருக்கும் குறைந்தது. அந்த எட்டில் ஒருத்தியாக இருக்கும் பெண்ணுக்கு எட்டு என்பது சின்ன எண் ஆகாது. அதை நான் மறக்கவில்லை. ஆனால் பத்தாயிரத்தில் எட்டு என்று கேட்டிருந்தால் நீங்கள் அட்டையை அலமாரியில் போட்டிருப்பீர்களா என்று யோசியுங்கள்.

இன்னொன்று, எனக்கு இன்றும் ஆற்றாமை தருவது. அந்த ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. மூன்றில் இரண்டு பங்குப் பெண்கள் 60 வயதைத் தாண்டியவர்கள். 79 வயது வரை இருந்தார்கள். மாதவிலக்கு நின்று பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆனவர்களிடம், ஹார்மோன் கொடுத்தால் மாரடைப்பு போன்ற நெடுநாள் நோய்களைத் தடுக்கலாமா என்று பார்க்கப் போட்ட ஆய்வு அது. இரவில் வியர்த்து எழும் 49 வயதுப் பெண்ணுக்கு என்ன செய்வது என்று கேட்டுப் போட்டது இல்லை. அந்தப் பதிலை எடுத்து உங்கள் வயதுப் பெண்கள் எல்லோர் தலையிலும் வைத்துவிட்டார்கள். பிறகு வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்ததில், 60 வயதுக்குள், மாதவிலக்கு நின்ற பத்து ஆண்டுகளுக்குள் தொடங்கியவர்களுக்குக் கணக்கு வேறாக இருந்தது. கர்ப்பப்பை எடுக்கப்பட்டு, ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்துக்கொண்ட 10,739 பேரின் தனி ஆய்வில் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. நீண்டகாலத் தொடர்ச்சியில் குறைவாகவே இருந்தது. 18 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2017இல் வெளியிட்ட முடிவில், ஹார்மோன் எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் மொத்த மரண விகிதத்தில் வித்தியாசம் இல்லை.

அப்படியானால் புற்றுநோய்ப் பயமே பொய்யா? பொய் இல்லை. 2019இல் ‘லான்செட்’ இதழில் பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி ஒரு கணக்கு வந்தது. மேற்கு நாடுகளில் 50 வயதில் இரண்டு ஹார்மோன்களையும் தினமும் தொடங்கி ஐந்து ஆண்டுகள் எடுத்துக்கொண்டால், 69 வயதுக்குள் ஐம்பது பேருக்கு ஒருவர் என்ற அளவில் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் வரும் என்றது அது. ஈஸ்ட்ரோஜன் மட்டும் என்றால் இருநூறு பேருக்கு ஒருவர். நம் நாட்டில் இந்நோயின் அடிப்படை விகிதமே மேற்கைவிடக் குறைவு. ஆனாலும் எத்தனை ஆண்டு எடுக்கிறீர்களோ அதற்கேற்ப ஆபத்து ஏறும் என்பது உண்மை. உங்கள் பெரியம்மாவுக்கு 68 வயதில் வந்தது ஒன்றை மட்டும் வைத்து உங்களுக்கு மருந்தை மறுக்க முடியாது. அம்மாவுக்கோ உடன்பிறந்தவளுக்கோ இளம் வயதில் வந்திருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அதுதான் டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. கர்ப்பப்பை உள்ள பெண் ஈஸ்ட்ரோஜனைத் தனியாகச் சாப்பிடக் கூடாது. கருப்பையின் உட்சுவர் தடித்துப் புற்றுநோய் வரலாம். 1975இலேயே இது நிரூபணமானது. அதற்கு முன்பு அமெரிக்காவில் ‘என்றும் இளமை’ என்று ஆசை காட்டி ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்த ஒரு காலம் இருந்தது; பல பெண்கள் அதற்கு விலை கொடுத்தார்கள். எனவே கூடவே புரோஜெஸ்டிரோன் வேண்டும். இரண்டாவது, ஈஸ்ட்ரோஜனை வாய்வழி மாத்திரையாக அல்லாமல் தோலில் தடவும் ஜெல்லாகத் தர முடியுமா என்று கேளுங்கள். மாத்திரை குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போய், ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டுகிறது. தோல் வழியாகப் போவது அந்தப் பாதையைத் தவிர்க்கிறது. வழக்கமான அளவில் ரத்தக்கட்டி ஆபத்து கூடியதாக ஆய்வுகளில் தெரியவில்லை. ரத்த அழுத்தம் உள்ள உங்களுக்கு அது முக்கியம். விலை கொஞ்சம் கூடுதல்தான். கூடவே இரவில் எடுக்கும் மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டிரோன் பலருக்குத் தூக்கத்தையும் கொண்டுவரும். டாக்டர் எழுதியது டிபோலோன் என்றால், அதுவும் சூட்டைக் குறைக்கும் மருந்துதான். ஆனால் மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு ஆகாது. வயதான பெண்களில் பக்கவாதத்தைக் கூட்டுவதாகத் தெரிந்ததால் 60க்கு மேல் தவிர்ப்பது நல்லது.

தண்ணீர்விட்டான் கிழங்குக்கு வருவோம். சித்த, ஆயுர்வேத மருத்துவத்தில் பெண்களுக்கென்று காலங்காலமாகக் கொடுத்துவரும் சதாவரி அது. உங்கள் நாத்தனார் அதைச் சாப்பிட்டுத் தனக்குக் குணமானதாகச் சொன்னதை நான் நம்புகிறேன். ஆனால் ஒரு செய்தியை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஹார்மோன் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் குழுவின் அறிக்கையில், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கும் சூடு ஏறுவது 58 சதவீதம் அளவுக்குக் குறைந்திருந்தது. நம்பிக்கைக்கு அவ்வளவு பலம். காலப்போக்கில் இந்தத் தொல்லை தானாகவும் குறையும். அதனால்தான் வெந்தயம் சாப்பிட்டவர், ஆளிவிதை சாப்பிட்டவர், கற்றாழை சாப்பிட்டவர் என்று ஒவ்வொருவரும் மனதறிந்து உண்மையையே சொல்கிறார்கள். அதே அறிக்கையில் ஹார்மோன் எடுத்தவர்களுக்கு வெற்று மாத்திரையைவிட மேலும் 75 சதவீதம் குறைந்தது. இந்தப் பரீட்சையில் உட்கார்ந்து தேறியது ஹார்மோன். சதாவரி பற்றி வந்தவை சிறு ஆய்வுகள். அதை வைத்து நான் யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

அமெரிக்காவில் இருக்கும் உங்கள் மகள் அனுப்பிய பிளாக் கோஹோஷ் என்ற மூலிகை மருந்து உண்மையாகவே பரீட்சைக்கு உட்கார்ந்தது. 351 பெண்களை ஓராண்டு பார்த்து 2006இல் வெளியிட்டார்கள்: வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. அபூர்வமாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. அதைத் தொடர வேண்டாம். சோயாவில் உள்ள ஐசோஃபிளேவோன் சிலருக்குச் சிறிதளவு உதவலாம். ஆளிவிதை முறையான ஆய்வில் தோற்றது. அமுக்கரா தூக்கத்துக்கு நல்லது என்று இப்போது பலர் சாப்பிடுகிறார்கள். அதிலும் கல்லீரல் பாதிப்புச் செய்திகள் வந்திருக்கின்றன, கவனம் தேவை.

பொடியை எங்கே வாங்கினீர்கள்? 2008இல் வெளியான ஓர் ஆய்வில், இணையத்தில் விற்ற ஆயுர்வேத மருந்துகளில் ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் இவற்றில் ஏதாவது இருந்தது. கிழங்கு குற்றவாளி இல்லை. பாக்கெட்டில் என்ன சேர்ந்திருக்கிறது என்பதே கவலை. மூலிகைதானே, கெடுதல் செய்யாது என்று சொல்பவர்களிடம் நான் கோபப்படாமல் ஒன்று சொல்வதுண்டு: இன்று ஜெல்லில் வரும் ஈஸ்ட்ரடையோல் என்ற ஈஸ்ட்ரோஜனும் கிழங்கு, சோயா போன்ற தாவரப் பொருளிலிருந்தே தயாராகிறது. மெக்சிகோ காட்டில் விளையும், நம் வள்ளிக்கிழங்கு இனத்தைச் சேர்ந்த கிழங்கு ஒன்றிலிருந்துதான் 1940களில் ஹார்மோன்களை மலிவாகச் செய்யக் கற்றார்கள். ஆய்வகத்தில் மாற்றினால்தான் அது ஹார்மோன். கிழங்கை அப்படியே தின்றால் நம் உடலால் அந்த மாற்றத்தைச் செய்ய முடியாது. எது எங்கிருந்து வந்தது என்பதைவிட, என்ன அளவில், என்ன சோதனையைத் தாண்டி வந்தது என்று கேட்க வேண்டும். மாத்திரையிடம் கேட்கும் கேள்வியைப் பொடியிடமும் கேளுங்கள்.

உணவைப் பற்றி எழுதும்போது எனக்கு மனம் இலேசாகிறது. உளுந்தங்களி கிண்டுங்கள், எள்ளுருண்டை பிடியுங்கள், வாரத்தில் சில நாள் கேழ்வரகுக் கூழோ அடையோ சாப்பிடுங்கள். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் போன பிறகு முதல் சில ஆண்டுகளில்தான் எலும்பு வேகமாகத் தேய்கிறது என்பதால் இது வீண் உபசாரம் இல்லை. பூப்பெய்திய பெண்ணுக்கு இடுப்பு வலுக்கட்டும் என்று களி கிண்டிக் கொடுத்த வீடுகள், அதே பெண்ணுக்கு 49 வயதாகும்போது மிச்சம் மீதியைப் போட்டுவிடுகின்றன. அது மாற வேண்டும். நடையும் யோகாவும் தூக்கத்தைச் சற்று மேம்படுத்துகின்றன, எலும்புக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நல்லவை. ஆனால் சூடு ஏறும் எண்ணிக்கையை அவை குறைப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை. உடல் எடை அதிகம் என்றால், எடையைக் குறைத்தால் சூடு ஏறுவதும் கொஞ்சம் குறையும். ஹார்மோன் இல்லாமல் சூட்டுக்கே நேராக உதவுபவையும் உண்டு. மனநல ஆலோசகர்கள் தரும் சி.பி.டி. (அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை) பயிற்சி, வியர்வை வந்தாலும் அது நம்மைக் குலைக்காமல் பார்த்துக்கொள்ளக் கற்றுக் கொடுக்கிறது. வென்லாஃபாக்சின், பாராக்செட்டின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் குறைந்த அளவில், இரவுக்கு காபாபென்டின் ஆகியவை, ஹார்மோன் எடுக்கக் கூடாத பெண்களுக்குக் கை கொடுக்கின்றன. மார்பகப் புற்றுநோய்க்காகத் தமாக்சிஃபென் சாப்பிடும் பெண்கள் மட்டும் பாராக்செட்டினைத் தவிர்க்க வேண்டும்; அது தமாக்சிஃபெனின் வேலையைக் கெடுக்கும். மூளையிலுள்ள அந்த நரம்பணுக்களையே குறிவைக்கும் ஃபெசோலினெடன்ட் என்ற மருந்துக்கு 2023இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்குக் கல்லீரல் பரிசோதனை அவசியம்.

கடிதத்தின் கடைசியில், கையெழுத்துக்கும் கீழே, எழுதக் கூச்சப்பட்டு ஒரு வரி எழுதியிருந்தீர்கள். கணவரோடு சேரும்போது எரிச்சல், வறட்சி, அடிக்கடி நீர்க்கடுப்பு. அதைக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமலே வாழ்ந்து முடித்த பெண்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் மனம் கனக்கிறது. சூடு ஏறுவது காலப்போக்கில் அடங்கும். இது அடங்காது, விட்டால் கூடும். பிறப்புறுப்பில் இடும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் ஒன்று இருக்கிறது. ரத்தத்தில் கலப்பது மிகமிகக் குறைவு. மேலே சொன்ன கணக்குகளில் வரும் ஆபத்துகள் இதற்கு இருப்பதாகத் தெரியவில்லை. திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்றையும் இது குறைக்கும். பெரிய சிகிச்சை வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தாலும் இதை மட்டும் கேட்டு வாங்குங்கள். டாக்டர் கேட்க மாட்டார், நீங்களே சொல்லுங்கள். சொல்ல நா எழவில்லை என்றால் சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

இந்தக் கடிதத்தைப் படிக்கும் வேறு சிலருக்கும் ஒரு வார்த்தை. நம் நாட்டில் கர்ப்பப்பையை இளம் வயதிலேயே எடுத்துவிடுகிறார்கள். 2015-16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 49 வயதுக்குள் எடுத்தவர்களில் பாதிப் பேருக்கு அது 34 வயதுக்குள் நடந்திருக்கிறது. கூடவே சினைப்பைகளையும் எடுத்திருந்தால் அந்தப் பெண் ஒரே நாளில் மாதவிலக்கு நின்ற நிலைக்கு வந்துவிடுகிறாள். 45க்கு முன் அப்படி ஆனவர்களுக்கு, தடை ஏதும் இல்லையென்றால், சுமார் 50 வயது வரையாவது ஹார்மோன் கொடுப்பதே முறை. கொடுக்காவிட்டால் எலும்பும் இதயமும் பாதிக்கப்படும். டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். சினைப்பை இருக்கிறதா, போய்விட்டதா என்பதே தெரியாத பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போது காற்று மறுபக்கம் அடிக்கிறது. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இந்த மருந்துகளின் உறையிலிருந்த கடுமையான எச்சரிக்கைகளில் பலவற்றை நீக்கப் போவதாக அறிவித்தது. அதை வரவேற்கிறேன். ஆனால் மாரடைப்பு வராமலிருக்க, ஞாபகசக்தி குறையாமலிருக்க என்று சொல்லி யாராவது ஹார்மோனைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தூக்கத்தைக் கெடுக்கும் சூட்டுக்காக எடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை உட்கார்ந்து, இன்னும் வேண்டுமா என்று பாருங்கள்.

தொடங்கும் முன் டாக்டரிடம் செய்யச் சொல்ல வேண்டியவை: ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, மார்பகப் பரிசோதனையும் மேமோகிராமும், தைராய்டு. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே வியர்வையும் படபடப்பும் வரும். வியர்வையோடு மாலைக் காய்ச்சல், இருமல், எடை குறைதல் இருந்தால் காசநோயா என்று பார்த்தே ஆக வேண்டும். நம் ஊரில் இரவு வியர்வைக்கு அதுவும் ஒரு காரணம். காலிலோ நுரையீரலிலோ முன்பு ரத்தம் கட்டியிருந்தால், மாரடைப்பு, பக்கவாதம், மார்பக அல்லது கருப்பைப் புற்றுநோய் வந்திருந்தால், கல்லீரல் நோய் இருந்தால், நான் எழுதியதை வைத்து மருந்தைத் தொடாதீர்கள். அவர்களுக்கு வேறு வழிகள் இருக்கின்றன.

எல்லாம் கேட்ட பிறகும் உங்களுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் எடுக்க வேண்டாம். பயமறிந்து, கணக்கறிந்து மறுப்பது உங்கள் உரிமை. வெறும் வாய்ப்பேச்சைக் கேட்டு மறுப்பதைத்தான் நான் தடுக்கப் பார்க்கிறேன். எடுப்பதாக முடிவு செய்தால் மூன்று மாதம் கொடுத்துப் பாருங்கள். பலன் அதற்குள் தெரியும். முதல் சில மாதங்களில் சொட்டுச் சொட்டாகக் கறை படலாம்; ஆறு மாதத்துக்கு மேலும் தொடர்ந்தால் சொல்ல வேண்டும். மருந்து எதுவும் எடுக்காத நிலையில், மாதவிலக்கு நின்று ஓராண்டு ஆனபின் ஒரு துளி ரத்தம் பட்டாலும், ‘திரும்ப வந்திருக்கு’ என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். அந்த வாரமே போய் ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நாத்தனாரிடமும் இதைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் சகோதரி